ஸ்கிட் எலியின் பி செல்கள் தட்டில் வளரவில்லையா? முதலில் அடியில் இருப்பதைப் பாருங்கள்

"எலிக்கே பி செல் கிடையாது, தட்டில் மட்டும் எங்கிருந்து வரும்?" ஸ்கிட் எலியின் (மரபணுக் கோளாறால் பி, டி நோய் எதிர்ப்புச் செல்கள் உருவாகாத ஆய்வக எலி) எலும்பு மஜ்ஜையை வளர்க்க முயன்று தோற்றவர்கள் சொல்லும் முதல் சமாதானம் இது. நானும் முதல் வருடத்தில் இதைச் சொல்லியே இரண்டு மாதத்தைத் தொலைத்தேன். தட்டு காலியாக இருப்பதற்கு எலியின் குறைபாடு காரணமாக இருப்பது அபூர்வம். பத்தில் எட்டு தடவை கோளாறு தட்டின் அடியில் ஒட்டிக் கிடக்கும் தாங்கு செல்களில்தான், அதாவது ஸ்ட்ரோமாவில்தான் இருக்கும்.

ஏன் என்று சொல்லிவிட்டு அறிகுறிகளுக்குப் போகிறேன். இது புரியாமல் போனால் கீழே உள்ளதெல்லாம் வெறும் சமையல் குறிப்பாகிவிடும்.

ஸ்கிட் எலியை 1983-ல் பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் மையத்தில் மெல்வின் போஸ்மா, கேல் போஸ்மா குழுவினர் சி.பி-17 இன எலிகளிடையே கண்டார்கள். ஆன்டிபாடி மரபணுத் துண்டுகளை ராக் நொதிகள் வெட்டும். வெட்டிய முனைகளை ஒட்ட டிஎன்ஏ-பிகே என்ற புரதம் வேண்டும். ஸ்கிட்டில் அந்த ஒட்டுவேலை கெட்டிருக்கிறது. 1992-ல் வந்த ராக்1, ராக்2 நாக்அவுட் (அந்த நொதியின் மரபணுவை நீக்கிய) எலிகளில் வெட்டே விழாது. வழி வேறானாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். ஆன்டிபாடியின் கனச் சங்கிலி உருவாகாமல், செல் பி செல்லாகும் பாதையின் தொடக்கப் படியான புரோ-பி நிலையிலேயே நின்றுவிடுகிறது.

நின்றுவிட்டதே தவிர, பிரிவதை நிறுத்தவில்லை. புரோ-பி நிலை என்பது ஸ்ட்ரோமாவைக் கட்டிக்கொண்டு, ஐஎல்-7 என்ற வளர்ச்சிக் காரணியைக் குடித்துக்கொண்டு பெருகும் நிலை. இயல்பான எலியின் செல் அந்த நிலையைக் கடந்து முதிர்ந்து போய்விடும், போகிற வழியில் ஐஎல்-7-ஐக் கேட்கும் காதையும் இழந்துவிடும். ஸ்கிட், ராக் செல்களுக்குக் கடந்து போக வழியே இல்லை. அதனால் படுகை, அதாவது அடியில் உள்ள ஸ்ட்ரோமா, சரியாக இருந்தால் இவை மாதக்கணக்கில் ஒரே சீராகப் பெருகும். 1987-லேயே பமேலா விட்டியும் சகாக்களும் ஸ்கிட் மஜ்ஜையின் பி வரிசை முன்னோடிகளை நீண்டகால வளர்ப்பில் கொண்டுவந்து ஆராய்ந்துவிட்டார்கள். (நீண்டகால பி செல் வளர்ப்புக்குப் பெயர் தந்த விட்லாக்-விட்டி இணையின் விட்டி வேறு ஆள். அவர் லாஸ் ஏஞ்சல்ஸின் ஓவன் விட்டி, செரில் விட்லாக்குடன் 1982-ல் எழுதியவர். இந்தப் பெயர்க் குழப்பத்தில் தவறான கட்டுரையின் செய்முறையைப் பின்பற்றிய ஒருவரை எனக்குத் தெரியும்.)

ஆக, குறைபாடுள்ள எலியின் செல் நம்மிடம் கேட்பது நல்ல படுகை ஒன்றைத்தான். இனி அறிகுறிகள்.

பத்து நாளாகியும் சின்ன உருண்டைச் செல்கள் கண்ணிலேயே படவில்லை

முதலில் நாளை எண்ணுங்கள். மஜ்ஜையை அப்படியே கொட்டி, அதிலிருந்தே ஸ்ட்ரோமா உருவாகட்டும் என்று விட்டிருந்தால் அது விட்லாக்-விட்டி முறை. அதில் முதல் இரண்டு வாரம் சாவு வீடு மாதிரிதான் இருக்கும். கிரானுலோசைட்டுகள் (ஒருவகை வெள்ளையணுக்கள்) செத்து மிதக்கும், மீடியம் (வளர்ப்புக் கரைசல்) அழுக்காகத் தெரியும், அடியில் தட்டையான செல்கள் மெல்லப் பரவும். லிம்போசைட் கூட்டங்கள் எழுந்து வர மூன்று நான்கு வாரம் பிடிக்கும். பன்னிரண்டாம் நாளில் "கெட்டுப்போச்சு" என்று ப்ளீச் ஊற்றியவர்கள் நிறைய. ஏற்கெனவே வளர்த்து வைத்த ஸ்ட்ரோமா மேல் ஐஎல்-7 சேர்த்துப் போட்டிருந்தால்தான் ஏழு முதல் பத்து நாளில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து, எங்கே பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். பழகாத கண் மேலே மிதக்கும் பளபளப்பான செல்களை மட்டும் எண்ணும். மைக்ரோஸ்கோப்பின் ஃபோகஸ் திருகைக் கால் சுற்று கீழே இறக்குங்கள். ஸ்ட்ரோமா செல்லின் விரிந்த பரப்புக்கு அடியில், மங்கிய கறுப்பு வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஆற்றுப் படுகையில் கூழாங்கல் பதிந்தது போலத் தெரியும். ஒளிவட்டம் இருக்காது, பளபளப்பும் இருக்காது. அவைதான் நமக்கு வேண்டிய ஆரம்ப செல்கள். ஸ்ட்ரோமாவுக்குக் கீழே நுழைந்து உட்கார்ந்திருக்கின்றன. மேலே மிதப்பவை அங்கிருந்து வழிந்தவை. கூழாங்கல் கூட்டம் தென்பட்டால் தட்டைத் தொடாமல் வைத்துவிடுங்கள்.

அதுவும் இல்லையா? அப்படியானால் இந்த வரிசையில் சோதியுங்கள். ஃப்ரிட்ஜில் உள்ள மீடியத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் இருக்கிறதா? 1977-ல் மான்செஸ்டரில் டெக்ஸ்டர் உருவாக்கிய வளர்ப்பு முறை மைலாய்டு செல்களுக்கானது (நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் போன்றவை). அதில் குதிரை சீரமும் ஹைட்ரோகார்ட்டிசோனும் உண்டு, வெப்பம் 33 டிகிரி. ஆய்வகத்தில் யாராவது டெக்ஸ்டர் வளர்ப்பு செய்தால் அந்த பாட்டில் உங்கள் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஸ்டீராய்டு பி முன்னோடிகளைத் துடைத்துவிடும். நமக்கு வேண்டியது கன்றுக்கரு சீரம், 37 டிகிரி, ஸ்டீராய்டு கூடாது.

பிறகு மெர்காப்டோஎத்தனால். 50 மைக்ரோமோலார் சேர்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சேர்த்த மீடியத்தை ஒரு மாதம் வைத்துக்கொண்டால் அது ஆக்சிஜனேற்றமாகிப் பயனற்றுப் போகும் என்பதுதான் மறந்து போகும். சின்ன அளவில் கலந்து, ஓரிரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள்.

கடைசியாக சீரம். இதில் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியாது. நாலைந்து லாட்டுகளில் மாதிரி வாங்கி, ஒரே மஜ்ஜையை எல்லாவற்றிலும் போட்டு, எது வளர்க்கிறதோ அதை மொத்தமாக வாங்கி உறைய வைக்க வேண்டும். ஹைப்ரிடோமாவுக்குப் பிரமாதமாக வேலை செய்த சீரம் இங்கே ஒரு செல்லைக்கூட எழுப்பாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ட்ரோமா அழகாக இருக்கிறது, ஆனாலும் செல் பெருகவில்லை

எந்த ஸ்ட்ரோமா? "ஸ்ட்ரோமா செல் லைன்" என்று எழுதிய வயல் (செல்லை உறையவைக்கும் சிறு குப்பி) எல்லாம் ஒன்றல்ல. எஸ்17, எஸ்டி2, ஓபி9, பிஏ6 என்று புழக்கத்தில் உள்ளவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். பிஏ6 ஐஎல்-7 சுரக்காது. ஆனால் புரோ-பி செல்லுக்கு வேறு பல உதவிகளைச் செய்யும். சிஎக்ஸ்சிஎல்12 என்று இன்று நாம் சொல்லும் காரணியை 1994-ல் நாகசாவாவும் சகாக்களும் முன்-பி (புரோ-பிக்கு அடுத்த படி) செல்களை வளர்க்கும் பொருளாகப் பிரித்தெடுத்தது இந்த பிஏ6-இலிருந்துதான். அதனால் பிஏ6 மேல் போட்டால் ஐஎல்-7-ஐ வெளியிலிருந்து ஊற்றியே ஆக வேண்டும். எஸ்டி2, எஸ்17 கொஞ்சம் ஐஎல்-7 தரும் என்றாலும், ஸ்கிட் செல்லுக்கு அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இதற்குக் காரணம் உண்டு. இயல்பான எலியின் செல் கனச் சங்கிலியைச் செய்து, முன்-பி ஏற்பியை மேலே காட்டியதும், மிகக் குறைந்த ஐஎல்-7-க்கே பிரியத் தொடங்கும், பிகோகிராம் அளவு போதும். ஸ்கிட்டுக்கும் ராக்குக்கும் அந்த ஏற்பி வராது. அவற்றுக்கு நானோகிராம் கணக்கில் வேண்டும். நான் ஒரு மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 நானோகிராம் வைப்பேன். சாதாரண எலியின் செல்லை வைத்து "1 போதும்" என்று கண்டவர், அதே அளவை ராக் எலிக்கும் கொண்டுவந்து ஏமாறுவார். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், கீழே ஒரு கதையில் திரும்ப வரும்.

அளவு சரி, ஆனாலும் அசையவில்லை என்றால் வயலின் வரலாற்றைப் பாருங்கள். ஐஎல்-7-ஐ உறையவைத்து உருக்கி, மறுபடி உறையவைத்து உருக்கி எத்தனை தடவை? அல்புமின் எதுவும் சேர்க்காமல் நீர்த்த கரைசலாக வைத்தால் புரதம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு போய்விடும். சிறு பங்குகளாகப் பிரித்து, 0.1 சதவீத அல்புமினோடு வையுங்கள்.

இதையெல்லாம் பார்த்தும் வரவில்லை என்றால் கூண்டின் அட்டையைப் போய்ப் படியுங்கள். "நோய் எதிர்ப்புக் குறைபாடுள்ள எலி" என்று சொல்லிக் கொடுத்தது என்எஸ்ஜி எலியாக இருந்தால் நீங்கள் என்ன செய்தாலும் வராது. 2005-ல் வெளியான என்எஸ்ஜியில் ஸ்கிட் மாற்றத்தோடு காமா சங்கிலியும் இல்லை. ஐஎல்-7 ஏற்பிக்கு அந்தச் சங்கிலி கட்டாயம் வேண்டும். ஐஎல்-7 ஆறாக ஓடினாலும் அந்தச் செல்லுக்குக் கேட்காது. என்எஸ்ஜி, மனித செல்களை ஏற்று வளர்க்க அருமையான எலி. அதன் சொந்த பி முன்னோடிகளை வளர்க்க மட்டும் அது தோதுப்படாது. மனிதர்களில் கதை வேறு: ஐஎல்-7 ஏற்பி இல்லாத குழந்தைகளுக்கும் பி செல்கள் உண்டாகின்றன. மருத்துவக் கல்லூரியிலிருந்து வருபவர்கள் இந்த இடத்தில் குழம்புவது சகஜம்.

விதைத்த மூன்றாம் நாளே எல்லாம் செத்துக் கிடக்கிறது

மூன்று காரணம் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, ஸ்ட்ரோமாவை மைட்டோமைசின் மருந்தால் பிரியாமல் நிறுத்திவிட்டுச் சரியாகக் கழுவாதது. மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், இரண்டு மூன்று மணி நேரம், பிறகு குறைந்தது நான்கு முறை கழுவல், ஒரு இரவு புது மீடியத்தில் ஓய்வு. ஸ்ட்ரோமா மிச்ச மருந்தைத் தாங்கும், மேலே போடும் புரோ-பி தாங்காது. அதிலும் ஸ்கிட் செல் என்றால் டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்யும் திறன் ஏற்கெனவே குறைவு.

இரண்டு, எண்ணிக்கை. ஸ்கிட் மஜ்ஜையில் முதிர்ந்த பி செல்கள் இல்லாததால் மைலாய்டு செல்களின் பங்கு வழக்கத்தைவிடக் கூடுதல். சாதாரண எலிக்கு எழுதிய செய்முறையில் "மில்லிலிட்டருக்கு 10 லட்சம் மஜ்ஜைச் செல்" என்றிருந்தால், அதே 10 லட்சத்தில் உங்களுக்குக் கிடைக்கும் கலவை வேறு. செத்துக் கிடப்பவை பெரும்பாலும் நியூட்ரோஃபில்களாக இருக்கும். டிரைபான் புளூவில் செத்ததை எண்ணிக் கலங்குவதற்கு முன், உயிரோடு இருப்பதில் சிடி19, பி220 (பி வரிசைச் செல்களின் மேற்பரப்பு அடையாளங்கள்) உள்ளவை எவ்வளவு என்று பாருங்கள். முடிந்தால் சிடி19 காந்த மணியால் பிரித்தே விதையுங்கள்.

மூன்று, சிவப்பணுவை உடைக்கும் அம்மோனியம் குளோரைடில் விட்டுவிட்டு போன் பேசப் போவது. விளக்கம் தேவையில்லை.

ஸ்ட்ரோமா பாய் சுருட்டுவது போல ஓரத்திலிருந்து உரிகிறது

மீடியத்தை மாற்றிய மறுநாள் தட்டின் விளிம்பில் ஒரு வெள்ளை நூல். மாலைக்குள் பாதித் தட்டு சுருண்டு நடுவில் உருண்டையாகக் கிடக்கும். அதோடு அதன் அடியில் இருந்த கூழாங்கல் செல்களும் போயிற்று.

புரோ-பி செல் ஸ்ட்ரோமாவைத் தன் மேற்பரப்பில் உள்ள விஎல்ஏ-4 கொக்கியால் பிடித்துக்கொள்கிறது. ஸ்ட்ரோமாவில் அதற்கான வளையம் விகேம்-1. இந்தப் பிடியை ஆன்டிபாடியால் தடுத்தால் லிம்போசைட் உருவாக்கமே நின்றுவிடும் என்று 1991-ல் மியாகே, கின்கேட் குழுவினர் காட்டினார்கள். உரிந்த படுகையில் ஐஎல்-7 மீடியத்தில் அப்படியே இருக்கிறதே, ஏன் சாகின்றன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். காரணி மட்டும் இருந்தால் நல்ல ராக் செல்களைச் சில காலம் ஓட்டலாம். ஆனால் எண்ணிக்கை குறைவாக இருக்கும் ஆரம்ப நாட்களில் தொடுதலும் வேண்டும்.

உரிவதற்கான காரணங்களில் முதலிடம் அதிக நெருக்கம். எஸ்டி2-வை முழுவதும் மூடிய நிலையில் ஒரு வாரம் விட்டு, அதற்கு மேல் லிம்போசைட் போட்டு இன்னும் இரண்டு வாரம் வைத்தால் அது இழுத்துக்கொண்டு உரியத்தான் செய்யும். எழுபது எண்பது சதவீதம் மூடியதும் கதிர்வீச்சு கொடுத்து, மறுநாளே விதைத்துவிடுங்கள். இரண்டாவது, ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த குளிர்ந்த மீடியத்தைப் பாய்ச்சுவது. மூன்றாவது, எத்தனையாவது பாஸேஜ் (பிரித்து மறுபடி வளர்த்த தடவை) என்று யாருக்கும் தெரியாத செல். பாதி மீடியத்தை மட்டும் மாற்றுங்கள். பிப்பெட் நுனியைச் சுவரில் சாய்த்து, ஒரு துளி ஒரு துளியாக விடுங்கள்.

கதிர்வீச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரோமாவை நிறுத்த 20 முதல் 30 கிரே வழக்கம். ஸ்ட்ரோமாவையே ஸ்கிட் எலியிலிருந்து எடுத்திருந்தால் இந்தக் கணக்கு தப்பும். ஸ்கிட் குறைபாடு லிம்போசைட்டில் மட்டும் இருப்பதில்லை, ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. ஸ்கிட் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் சாதாரணத்தைவிட ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு கதிர்வீச்சுக்குக் கூசும். ராக் எலியில் இந்தச் சிக்கல் இல்லை, அதன் ஒட்டுவேலை சரியாகத்தான் இருக்கிறது. எனக்குத் தேர்வு இருந்தால் ஸ்கிட் எலியின் ஸ்ட்ரோமாவைப் படுகையாகப் பயன்படுத்தவே மாட்டேன்.

ஸ்ட்ரோமா முழுக்க எண்ணெய்த் துளிகள்

ஓபி9-தானே? அதற்கு முழுக்க மூடிய நிலையில் விட்டால் கொழுப்புச் செல்லாகும் பழக்கம் உண்டு. துளி விழுந்தது மறுபடி பழைய நிலைக்கு வராது. பி செல்லைத் தாங்கும் திறனும் குறையும். தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு முந்தைய பாஸேஜ் வயலை உருக்குங்கள். ஓபி9-க்கு ஆல்ஃபா-எம்இஎம், 20 சதவீத சீரம், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பிரித்தல். மூடுவதற்கு முன்பே பிரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை "திங்கள் பார்த்துக்கலாம்" என்று விட்டுப் போனால் திங்கள் காலை எண்ணெய்ச் சட்டிதான் இருக்கும்.

பெரிய, குமிழ் விட்ட செல்கள் தட்டைப் பிடித்துக்கொண்டன

மேக்ரோஃபேஜ்கள். ஒட்டிக்கொண்டு, டிரிப்சினுக்கும் அசையாமல், நம் பி செல்களையே விழுங்கிக்கொண்டு கிடக்கும். எஸ்டி2, எஸ்17 போன்றவை எம்-சிஎஸ்எஃப் (மேக்ரோஃபேஜ் வளர்ச்சிக் காரணி) சுரப்பதால் மேக்ரோஃபேஜுக்கு விருந்து. ஓபி9 பிரபலமானதே இதனால்தான். எம்-சிஎஸ்எஃப் செய்ய இயலாத எலியிலிருந்து வந்தது, 1994 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மேக்ரோஃபேஜ் தொல்லை தாங்கவில்லை என்றால் ஓபி9-க்கு மாறுங்கள், எண்ணெய்க்குக் காவல் இருக்கத் தயாராக இருந்தால். இல்லையென்றால் மஜ்ஜையை முதலில் வெறும் பிளாஸ்டிக்கில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஒட்டாததை மட்டும் எடுத்து ஸ்ட்ரோமா மேல் போடுங்கள். பாதிப் பிரச்சினை தீரும்.

பிரித்தெடுத்த சுத்தமான சிடி19 செல்லிலிருந்தே மேக்ரோஃபேஜ் வருகிறது என்று யாராவது சொன்னால் உற்சாகப்படாதீர்கள், பிரித்தது சுத்தமாக இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். உண்மையாகவே அப்படி நடப்பது பாக்ஸ்5 (செல்லை பி வரிசையில் நிலைநிறுத்தும் புரதம்) இல்லாத புரோ-பி செல்களில். ஐஎல்-7-ஐ நிறுத்தினால் அவை மேக்ரோஃபேஜ் உட்படப் பல வகையாக மாறும் என்று 1999-ல் வியன்னாவிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. அந்தச் செல்களிலும் பார்த்தால், சிடி19-ஏ இருக்காது. அதை இயக்குவதே பாக்ஸ்5-தான்.

குறைபாடுள்ள எலியின் தட்டில் ஐஜிஎம் வந்திருக்கிறது!

ஆச்சரியக்குறி வேண்டுமென்றே போட்டது. இதில்தான் நான் விழுந்தேன்.

ராக்2 நாக்அவுட் எலியின் மஜ்ஜை, ஆறு குழித் தட்டு, மூன்றாம் வாரம். சைட்டோமீட்டர் திரையில் பி220 அச்சுக்கு மேலே, ஐஜிஎம் (முதிரும் பி செல் முதலில் காட்டும் ஆன்டிபாடி) இருக்கும் மூலையில், ஒரு சின்னப் புள்ளிக்கூட்டம். நாலு சதவீதம் இருக்கும். ராக்2 இல்லாமல் ஐஜிஎம் வர முடியாது. அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் என் மனது "ஸ்ட்ரோமா ஏதோ செய்திருக்கிறது, புது வழி ஒன்று" என்று ஓட ஆரம்பித்தது. மூத்த அக்கா ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார். "படுகை எங்க எடுத்தே?" என்று மட்டும் கேட்டார். "சாதாரண எலி மஜ்ஜைதான்க்கா, நானே வளர்த்தேன்." "கதிர் கொடுத்தியா?" நான் பதில் சொல்லவில்லை. அந்த வாரம் கதிர்வீச்சுக் கருவி யாரோ பதிவு செய்திருந்தார்கள். ஸ்ட்ரோமாதானே என்று அப்படியே பயன்படுத்தியிருந்தேன்.

மஜ்ஜையிலிருந்து நேராக வளர்த்த படுகையில் ஸ்ட்ரோமா மட்டும் இருப்பதில்லை. அதன் இடுக்குகளில் அந்த எலியின் சொந்த பி முன்னோடிகளும் பதுங்கியிருக்கும். நான் செலவை மிச்சப்படுத்த ஐஎல்-7-ஐ அரை நானோகிராமுக்குக் குறைத்திருந்தேன். மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். குறைந்த ஐஎல்-7-இல் ராக் செல் தவிக்கும், சாதாரண செல் செழிக்கும். விருந்தாளியைப் பட்டினி போட்டு, ஒளிந்திருந்தவனுக்கு நானே பந்தி பரிமாறியிருக்கிறேன். ராக்2 மரபணுவுக்கு பிசிஆர் போட்டபோது சாதாரண எலியின் பட்டை பளிச்சென்று வந்தது.

ஆகவே ராக் தட்டில் ஐஜிஎம் வந்தால் அது கலப்படம், வேறு விளக்கம் தேடாதீர்கள். ஸ்கிட் தட்டில் வந்தால் இரண்டு வாய்ப்பு: கலப்படம், அல்லது கசிவு. ஸ்கிட்டின் ஒட்டுவேலை முழுக்கப் பூஜ்யம் கிடையாது, எப்போதாவது ஒரு செல் தப்பித்துவிடும். எலிக்கு வயதாக ஆக இந்தக் கசிவு கூடும். அதனால் ஆறேழு வார எலியையே எடுங்கள். இரண்டையும் பிரித்தறிய சுலபமான வழி அல்லோடைப், அதாவது எலி இனத்துக்கு இனம் மாறும் ஆன்டிபாடி வகை. சி.பி-17 ஸ்கிட்டின் ஐஜிஎம் 'பி' வகை. படுகையை பால்ப்/சி எலியிலிருந்து எடுத்திருந்தால் அதன் ஐஜிஎம் 'ஏ' வகை. இரண்டுக்கும் தனித்தனி ஆன்டிபாடி கிடைக்கிறது. 'ஏ' ஒளிர்ந்தால் படுகையின் பிள்ளை, 'பி' ஒளிர்ந்தால் கசிவு. இந்த வசதிக்காகவே படுகைக்கு எந்த எலி என்பதை முன்கூட்டியே யோசித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதைவிடச் சுலபம், குளோன் செய்த ஸ்ட்ரோமா லைனைப் பயன்படுத்துவது. அதில் ஒளிந்திருக்க யாரும் இல்லை.

அளவுக்கு மீறி நன்றாக வளர்கிறது

இதைப் புகாராக யாரும் கொண்டுவருவதில்லை, அதனால்தான் ஆபத்து. இரண்டு மாதம் கழித்து செல்கள் இரட்டிப்பாகும் நேரம் திடீரெனக் குறைந்தால், அல்லது ஸ்ட்ரோமாவிலிருந்து விலகி மிதந்தபடியே கொத்துக் கொத்தாக வளர்ந்தால், ஒரு குழியில் ஐஎல்-7 இல்லாமலும் இன்னொன்றில் ஸ்ட்ரோமா இல்லாமலும் போட்டுப் பாருங்கள். நல்ல புரோ-பி செல் ஐஎல்-7 இல்லாமல் இரண்டு மூன்று நாளில் சாக வேண்டும். சாகாமல் வளர்ந்தால் அது உருமாறிய செல், லுகேமியாவை நோக்கிப் போகிற ஒன்று. அதை வைத்து எடுத்த எந்த முடிவும் ஸ்கிட் செல்லைப் பற்றியதாக இருக்காது. பழைய வயலுக்குத் திரும்புங்கள். இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

சரியாகவும் இல்லை, கெட்டும் போகவில்லை, மந்தமாக இருக்கிறது

மைக்கோபிளாஸ்மா. வேறு எதையும் யோசிப்பதற்கு முன் இதைப் பாருங்கள். மீடியம் கலங்காது, நாற்றம் இருக்காது, நிறம் மாறாது. செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் ஒன்றும் செய்யாது, 0.2 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிவிடும். வேறு ஆய்வகத்திலிருந்து டப்பாவில் வந்த ஸ்ட்ரோமா லைன்தான் வழக்கமான வாசல். வந்ததும் தனி இன்குபேட்டர், பிசிஆர் சோதனை, அதன் பிறகே மற்ற செல்களுக்குப் பக்கத்தில். மைக்கோபிளாஸ்மா பிடித்த படுகையில் மேக்ரோஃபேஜ்களும் கிளர்ந்தெழுவதால், மேலே சொன்ன "குமிழ் விட்ட செல்" அறிகுறியோடு சேர்ந்து வந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். பிடித்துவிட்டால் மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், ஆட்டோகிளேவில் போடுங்கள். கிடைக்கவே கிடைக்காத லைன் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

ஐஎல்-7-ஐ நிறுத்தினேன், முதிரும் என்று நினைத்தேன், செத்துவிட்டன

இதில் பிழை எதுவும் இல்லை, செல் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது. சாதாரண எலியின் முன்-பி செல்லிலிருந்து ஐஎல்-7-ஐ எடுத்தால் இரண்டு மூன்று நாளில் ஒரு பகுதி ஐஜிஎம் காட்டும். ராக் செல்லால் மரபணுவை வெட்டவே முடியாது, ஸ்கிட் செல் வெட்டிவிட்டு ஒட்ட முடியாமல் திறந்த முனைகளோடு நிற்கும். இரண்டும் சாகும். அந்த நிலையை ஆராய வேண்டுமென்றால் பிசிஎல்-2 (செல் சாவதைத் தடுக்கும் புரதம்) கூடுதலாக உள்ள எலியோடு கலப்பினம் செய்து செல்களை உயிரோடு நிறுத்துவார்கள். மீடியத்தில் எதை மாற்றியும் இதைச் சரிசெய்ய முடியாது.

உருக்கிய வயலிலிருந்து ஒன்றும் எழவில்லை

வெறும் பிளாஸ்டிக்கில் உருக்கினீர்களா? உருக்குவதற்கு முதல் நாளே ஸ்ட்ரோமா தட்டு தயாராக இருக்க வேண்டும். 90 சதவீத சீரம், 10 சதவீத டிஎம்எஸ்ஓ-வில் உறையவைத்த வயலை வெந்நீரில் சுழற்றி, சின்னப் பனித்துண்டு மிச்சமிருக்கும்போதே எடுத்து, மெதுவாகப் பத்து மடங்கு மீடியத்தில் கரைத்து, ஒரு தடவை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, ஐஎல்-7 உள்ள மீடியத்தில் நேராகப் படுகை மேல் விடுங்கள். ஆறு குழித் தட்டில் ஒரு குழியில் மட்டும். பெரிய ஃபிளாஸ்க்கில் பரப்பினால் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே சாகும். மறுநாள் மேலே மிதக்கும் குப்பையைப் பார்த்து மீடியத்தை முழுக்க மாற்றாதீர்கள், பாதி போதும். நான்காம் நாள் ஃபோகஸைக் கால் சுற்று இறக்கிப் பாருங்கள்.